ஏரிக்கரையில் எடுத்த வீடியோ

அம்பத்தூர் ஏரிக்கரையில் ஞாயிறு காலைகளில் சிலர் வெறுங்காலோடு வட்டமாக நின்று மண்ணையும் நீரையும் வணங்குவார்கள். சிலையும் குருவும் கிடையாது; எந்த மதத்தவரும் வரலாம். நான் அதை வீடியோ எடுத்து, 'பைத்தியங்கள்' என்று எழுதி எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

ஆறு மாதத்தில் எனக்கு வேலை போனது. வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் ஒரு ஞாயிறு அங்கே போனேன்.

"அந்த வீடியோ எடுத்தது நான்தான்," என்று வட்டத்தில் நின்றவர்களிடம் சொன்னேன்.

ஆட்டோ ஓட்டும் செல்வி அக்கா சிரித்தார். "தெரியும் சார். அத்தப் பாத்துட்டு ரெண்டு பேரு புச்சா வந்துகினு கீறாங்க. செருப்ப கயட்டிட்டு வந்து நில்லுங்க."

ஈரமண்ணில் கால் பட்டதும் அழுதுவிட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை.

இப்போது வாராவாரம் போகிறேன். அவ்வளவு எளிதாக என்னை யாரும் மன்னித்ததில்லை. நானும் யாரையும் மன்னித்ததில்லை.