சாமி காரில் இருந்த மாலை

ஒரு குடும்பம் நாட்டை விட்டுப் போகும்போது வீடு காலியாவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கார் போகும். பிறகு சோபா, கட்டில், டிவி. துணி துவைக்கும் இயந்திரம் கடைசி வாரம் வரை நிற்கும். சமையல் பாத்திரம் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் போகும், ஏனென்றால் பட்டினியாக யாரும் விமானம் ஏறுவதில்லை. இதை யாரும் அரசாணையாக வெளியிடவில்லை. ஆனாலும் ஃபிஜியில், எங்கள் லவுத்தோக்காவில் நான் பார்த்த வீடுகள் எல்லாம் இதே ஒழுங்கில்தான் காலியாயின. எண்பத்தேழில் இரண்டு ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்தபோதும் அப்படித்தான். இரண்டாயிரத்தில் பாராளுமன்றத்துக்குள் ஆட்களைப் பிடித்து வைத்திருந்ததற்குப் பிறகும் அப்படித்தான்.

எனக்கு இது தெரிந்ததற்குக் காரணம் உண்டு. நான் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போலீஸ் சான்றிதழ் எங்கே வாங்குவது, வரி பாக்கி இல்லை என்ற கடிதத்துக்கு எந்த ஜன்னலில் நிற்பது, நெஞ்சு எக்ஸ்ரேயை எந்தக் கிழமையில் எடுத்தால் கூட்டம் இருக்காது என்றெல்லாம் கேட்டு ஜனங்கள் வருவார்கள். பாதித் தெருவை நான் ஆக்லாந்துக்கும் பிரிஸ்பேனுக்கும் அனுப்பிவைத்தேன். நான் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், வரிசையை ஒழுங்குபடுத்த இங்கே ஒருவர் வேண்டாமா என்பேன். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்த ஒரு நடைமுறை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எனக்கு எப்போதும் தங்கை வீட்டில். எண்பத்தேழில் "பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிட்ட அவளும் மாப்பிள்ளையும் இரண்டாயிரத்தில் பார்த்தது போதும் என்று கிளம்பினார்கள். பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்காக முன்கூட்டியே ஆக்லாந்தில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர்களுக்கு நாந்தியிலிருந்து மறுநாள் விமானம். முந்தின நாள் மத்தியானம் நான் அங்கே போனபோது வீட்டில் நாற்காலிகூட இல்லை. தங்கை சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, இன்னிக்கு ராத்திரி யாரு வீட்டுல சோறு தெரியுமா?" என்றாள்.

"பெரியம்மா வீட்டுல. ஆட்டுக்கறின்னு சொன்னாங்க."

"நான் போகல."

போகிறவர்களைச் சொந்தக்காரர்கள் முறை வைத்துக் கூப்பிட்டுச் சோறு போடுவது இங்கே வழக்கம். வாரக்கணக்கில் ஒவ்வொரு வீடாக விருந்து நடக்கும். அவர்கள் அழுதுகொண்டே பரிமாறுவார்கள், இவர்கள் அழுதுகொண்டே சாப்பிடுவார்கள், இரண்டு பக்கமும் எடை கூடும்.

"ஊரு சோறு தின்னுத் தின்னு நான் இந்த வீட்டுல விருந்தாளி ஆயிட்டேன்," என்றாள். "இது என் வீடு. நாளைக்குச் சாவியைக் குடுத்துடுவேன். இன்னிக்கு ஒரு வேளை என் கையால, இங்க, உனக்குப் போட்டுட்டுத்தான் போவேன்."

"எதுல சமைப்பே?" என்றான் மாப்பிள்ளை வாசலிலிருந்து. "கரண்டியைக்கூட வித்தாச்சு."

அவன் சொன்னது சரி. சட்டி, பானை, இரும்புச் சட்டி எல்லாம் போயிருந்தன. மிச்சம் இருந்தது மேலே கேஸ் அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த ஒரே பெட்டி. அதுவும் விற்றாகிவிட்டது. வாங்கியவர் பா என்ற ஊர்ப் பக்கத்துக்காரர், சாயங்காலம் கேரியர் லாரியோடு வருவதாக ஏற்பாடு. ஓவனுக்குள் அதன் சொந்தத் தட்டு இருந்தது. ஆழமான, கறுப்பு நிறத் தட்டு. கணக்குப்படி அதுவும் பாக்காரருடையது. ஆனால் பொருள் கைமாறும் வரை பயன்படுத்தும் உரிமை விற்பவரிடம்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். அது உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை. சொன்ன விதத்தில் உண்மை மாதிரி இருந்தது.

அந்த ஓவனோடு வந்த விளக்கப் புத்தகத்தை அந்த வீட்டில் முழுவதும் படித்தவன் நான் ஒருவன்தான். அதில் ஒரு படம் உண்டு: ஒரே தட்டில் கோழித் துண்டுகள், சுற்றிலும் காய்கள், கிளறுகிற ஆள் யாரும் இல்லை. வெங்காயம் வதக்காமல், மசாலா வாசனை போக வறுக்காமல், பக்கத்தில் நின்று ஒரு தடவைகூடப் பிரட்டாமல் கோழி எப்படி வேகும் என்று எனக்குப் பல வருடங்களாக ஒரு குறுகுறுப்பு. கேட்டபோதெல்லாம் தங்கை, "அதெல்லாம் வெள்ளைக்காரன் கோழி, அதுபாட்டுக்கு வெந்துக்கும்" என்று முடித்துவிடுவாள். அந்த ஓவனில் கேக்கைத் தவிர வேறு எதுவும் வெந்ததில்லை.

காரணம் சாமி. எங்கள் வீடுகளில் மாமிசம் உள்ளே வேகாது. கோழி, ஆடு, நண்டு எல்லாம் பின்பக்கத் தகரக் கொட்டகையில், விறகடுப்பில். உள்ளே சமையலறைச் சுவரில் சாமி அலமாரி. வெளியே வெந்ததை உள்ளே கொண்டுவந்து சாப்பிடலாமா என்றால் சாப்பிடலாம். வேகத்தான் கூடாது. இந்த விதியின் உட்பிரிவுகளை எனக்கு யாரும் தெளிவாக விளக்கியதில்லை. இப்போது கொட்டகையும் இல்லை. ஒருவர் அதைத் தகரத்தோடு பிரித்துக்கொண்டு போய்விட்டார்.

"சாமி அலமாரிதான் போயிடுச்சே," என்றேன்.

"படமெல்லாம் சூட்கேஸ்ல இருக்குது. சூட்கேஸ் ரூம்ல இருக்குது. ரூம் வீட்டுக்குள்ளதானே இருக்குது?"

மூவரும் அதை யோசித்தோம். சூட்கேஸுக்குப் பூட்டுப் போட்டு, விமான நிறுவனத்தின் சீட்டும் கட்டியாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில் சாமி அப்போதே பயணி. தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி ஏறுகிற வரைக்கும் வீட்டு ஆள்தான் என்றாள். சரி, வண்டியில் ஏற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போய் என் காரின் பின்சீட்டில் நிற்க வைத்தான். டிக்கியில் வைக்கலாமா என்று கேட்டதற்குத் தங்கை அவனைப் பார்த்த பார்வையில் அவன் பின்சீட்டுக் கண்ணாடியைக் காற்றுக்காகக் கொஞ்சம் இறக்கியும் விட்டான்.

நான் கடைக்குப் போய் ஒரு கோழியும் நீள ரொட்டியும் வாங்கி வந்தேன். கத்தி இல்லை. மாப்பிள்ளை வேலியோரம் கிடந்த கரும்பு வெட்டும் கத்தியைக் கழுவிக் கொண்டுவந்தான். முழ நீளக் கத்தியால் கோழியைத் துண்டு போடுவதைப் பார்க்க ஒரு குடும்பத் தகராறு மாதிரி இருந்தது. தோட்டத்தில் விற்க முடியாமல் விட்ட குமாலா இருந்தது; சர்க்கரைவள்ளியை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஒரு பூசணி, நாலைந்து வெங்காயம், ஒரு முழுப் பூண்டு. வீட்டில் அரைத்த மசாலாவை ஆக்லாந்து விமான நிலையத்தில் எடுத்துக் காட்டிவிட்டு நிற்க வேண்டும், பிடுங்கினாலும் பிடுங்குவார்கள் என்று நான் முன்பே எச்சரித்திருந்தேன். அதனால் சீசாக்களின் அடியில் மிஞ்சியிருந்த மசாலா, மஞ்சள், சீரகம் எல்லாவற்றையும் தங்கை கோழிமேல் தட்டினாள். எண்ணெய், உப்பு, ஒரு எலுமிச்சை. முற்றத்துக் கறிவேப்பிலை மரத்தை விற்கவும் முடியாது, கொண்டுபோகவும் முடியாது. அதிலிருந்து ஒரு கிளையையே ஒடித்தாள்.

புத்தகத்தில் இருந்ததை நான் வாசித்தேன். காய்கள் அடியில், கோழி மேலே, தோல் மேல்பக்கம். கொழுப்பு உருகி இறங்கிக் காய்களைப் பார்த்துக்கொள்ளுமாம்.

"தண்ணி எவ்வளவு ஊத்தணும்?" என்றாள்.

"ஊத்தக் கூடாது."

"பிடிச்சுக்காதா?"

"புத்தகத்துல அப்படிப் போட்டிருக்குது."

"புத்தகம் எழுதினவன் தட்டைக் கழுவியிருப்பானா?" என்றாள். ஆனாலும் ஊற்றவில்லை.

ஓவன் கதவில் கண்ணாடி. உள்ளே ஒரு சின்ன விளக்கு. நாற்காலி இல்லாததால் மூவரும் தரையில் அதன் எதிரே வரிசையாக உட்கார்ந்தோம். டிவி விற்றதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓடிய முதல் படம் அது. ஆரம்பத்தில் எதுவும் நடக்கவில்லை. பிறகு வெங்காயத்தின் ஓரம் சுருண்டது. தோலின்மேல் சிறு முத்துகளாக எண்ணெய் வந்தது. தங்கை நாலைந்து தடவை கதவைத் திறக்கக் கையை நீட்டினாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது சாப்பாடு தயாராவது அவளுக்கு ஏதோ மோசடி மாதிரி பட்டது. எனக்கு ஒரே ஆச்சரியம். அடியில் இருந்த குமாலாவும் மேலே இருந்த கோழியும் ஒன்றுக்கொன்று பேசிவைத்த மாதிரி ஒரே நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன. பூசணி மட்டும் அவசரப்பட்டு முன்னாலேயே குழைந்துபோனது. அதைப் பாதியில்தான் சேர்க்க வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை.

வாசனை வெளியே போன நேரத்தில் தெருவில் லாரிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்."

"என்ன?"

"அந்த ஆளு வாங்கறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. இதுல மாமிசம் வெந்திருக்குதான்னு. அவரு சம்சாரம் சுத்த சைவம், கோயிலுக்கு இனிப்பு செய்யறவங்களாம். நான் சாமி சத்தியமா இல்லைன்னு சொன்னேன்."

"அன்னிக்கு அது உண்மைதானே," என்றேன். சாமிக்கு வழி செய்தோம், பாக்காரருக்கு ஒரு வழியும் செய்யவில்லை.

தங்கை ஓவனைப் பார்த்தாள். "அணைக்கணுமா?" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. அதற்குள் பாக்காரர் பின்வாசலுக்கு வந்துவிட்டார். பெரிய உருவம், வேலை உடுப்பு, தலையில் கரும்புச் சாம்பல். வாசற்படியிலேயே நின்று மூக்கை உயர்த்தினார்.

"தீதி," என்று இந்தியில் தங்கையை அக்காவாக்கினார், "கோழியா?"

"கோழிதான் பையா," என்று இவளும் அவரை இந்தியில் அண்ணனாக்கினாள். "தப்பு எங்கமேலதான். உங்க காசு திரும்பி வந்துடும். ஆனா வந்தது வந்துட்டீங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அவர் லாரியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "நான் காலையில ரெண்டு ரொட்டி தின்னது," என்றார்.

தங்கை தட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள். தட்டுகளும் இல்லாததால் நீள ரொட்டியைப் பிளந்து, ஆளுக்கு ஒரு துண்டின்மேல் கோழியும் குமாலாவும் வெங்காயமும் வைத்துத் தந்தாள். குழைந்த பூசணி கொழுப்போடு சேர்ந்து குழம்பாகியிருந்தது. அதை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டோம். கையால் எடுத்து வைத்தே அவள் எல்லாருக்கும் இரண்டாவது தடவை போட்டாள். அவளுக்கென்று கடைசியில் ஒரு இறக்கைதான் மிஞ்சியது, அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பாக்காரர் உள்ளே வரவில்லை, படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"நீங்க சைவம் இல்லையா?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

"நானா? நான் எல்லாம் தின்னுவேன். வெளியில தின்னா அவ கேக்கமாட்டா. வீட்டுக்குள்ள என்ன வருதுங்கறதைத்தான் கேப்பா." எலும்பைச் சப்பி ஓரமாக வைத்தார். "இந்தப் பொட்டியை நான் கொண்டுபோனா மொதல்ல ஒரு கேள்வி கேப்பா. எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணே. காது செவந்துடும்."

எங்கள் சாமி விதியும் அவர் சம்சாரத்தின் விதியும் ஒரே அலுவலகத்தில் தயாரானவை என்று எனக்குத் தோன்றியது. வாயைப் பற்றி இரண்டுக்கும் கவலை இல்லை, வாசற்படிதான் எல்லாம்.

ஓவன் அவருக்கு வேண்டாம், தங்கைக்கும் கொண்டுபோக முடியாது. வீட்டுச் சாவியைக் காலையில் ஒப்படைக்க வேண்டும். மூவரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அவர் காசைத் திருப்பிக் கொடுத்தான். பாக்காரர், வாடகைக்கு எடுத்த லாரி சும்மா திரும்பக் கூடாது என்று ஓவனை ஏற்றி என் வீட்டில் இறக்கித் தந்துவிட்டுப் போனார். ரொட்டியில் மிஞ்சிய பாதியைத் தங்கை அவர் கையில் கொடுத்தனுப்பினாள். ஆக, அன்று இரவு சாமியும் ஓவனும் என் வீட்டில் இருந்தார்கள். சூட்கேஸை உள்ளே வைத்தேன். ஓவனைப் பின்கொட்டகையில் வைத்தேன். காலையில் சூட்கேஸ் நாந்திக்குப் போனது.

அந்தக் கொட்டகையில்தான் ஓவன் இன்னும் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அதில் கோழி வைக்கிறேன்: குமாலா அடியில், கோழி மேலே, பூசணி பாதியில். ஆக்லாந்தில் கொட்டகை கிடையாதாம். சமையலும் சாமியும் ஒரே அறையில். கோழி உள்ளே போகும்போது சாமிக்கு முன்னால் திரை இழுத்துவிடுவதாகத் தங்கை தொலைபேசியில் சொன்னாள். கண்ணாடிக் கதவு வழியாகச் சாமி பார்க்க முடியாதா என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

பல வருடம் கழித்து அவள் விடுமுறைக்கு வந்தாள். நான் கோழி வைத்தேன், நேரம் பார்த்துத் தட்டை வெளியே எடுத்தேன், பரிமாற நல்ல கரண்டி ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். அவள் கொட்டகைக்குள் வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது என் ஓவன். நீ போய் உட்காரு."

உரிமை எப்போது, எந்த வகையில் கைமாறியது என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். போய் உட்கார்ந்தேன்.