துத்தநாகத் துண்டும் முந்தல் ஜீப்பும்

மூக்கைக் குத்தும் அந்த அமில வாடை சில நாள் காரணமே இல்லாமல் இன்றைக்கும் எனக்கு வந்து போகிறது. போடியில் பிறந்தவர்களுக்கு பஸ்சு இருக்கையிலும், கடைக் கல்லாவிலும், துவைத்து மடித்த சட்டையிலும் ஏலக்காய் வாசம்தான். அதற்குக் கட்டுப்படாத ஓர் இடம் எங்கள் பள்ளியின் கடைசி அறை. அதற்கு ‘லேப்’ என்று பெயர் வைத்திருந்தோம். கால் ஆடும் ஒரு மேசை, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், டப்பாக்களில் நாலைந்து உலோகங்கள், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்தவர் மார்த்தாள் டீச்சர். எந்த உலோகம் அமிலத்தில் எவ்வளவு வேகமாக வினைபுரியும் என்பதை அவர் குடும்பக் கதை போலச் சொல்லுவார். “மெக்னீசியம் சண்டைக்காரி, தொட்டதும் பொங்குவா. ஜிங்க் சொன்ன பேச்சு கேப்பா. இரும்பு எருமை மாடு. செம்பு சுத்தச் செவிடு” என்பார். ஜிங்க் என்கிற துத்தநாகத்தைப் போட்டதும் நுரைத்து வரும் வாயுவைக் கட்டைவிரலால் அடைத்து வைத்து, தீக்குச்சியைக் காட்டினால் ‘டப்’ என்று வெடிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே நாங்கள் பள்ளிக்கூடம் போனோம் என்று சொன்னால் பாதி உண்மை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்விக்கு அது முழு உண்மை. அவளுடைய அம்மா பேச்சியம்மாள் தினமும் ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். சனி ஞாயிறுகளில் செல்வியும் போவாள். காய் எடுப்பு மும்முரமான அந்தப் பருவத்தில், ‘போதும் படிச்சது’ என்று அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட பேச்சியம்மாள் முடிவு செய்தார். மார்த்தாள் டீச்சர் விடவில்லை. “ஒரு தடவை வந்து உங்க மக கையால செய்யுறதப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்” என்று சொல்லியனுப்பினார்.

பேச்சியம்மாளும் வந்தார். தோட்டத்துக்குப் போகும் வழியில், பள்ளி மணி அடிப்பதற்கு வெகு முன்பே, ஜீப்பை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிய கோலத்தோடு லேப்புக்குள் நுழைந்தார். தீக்குச்சி கிழிப்பது என் சோலி. செல்வி துத்தநாகத் துண்டுகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, நல்லதாக நான்கைப் பொறுக்கி, சோதனைக்குழாயில் போட்டு அமிலத்தை ஊற்றினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சொன்ன பேச்சு கேட்கும் ஜிங்க், செம்பைப் போலச் செவிடாகக் கிடந்தது. டீச்சர் இன்னும் கொஞ்சம் அமிலம் விட்டார். சூடாக்கலாமென்றால் விளக்கில் ஸ்பிரிட் இல்லை. வெளியே ஜீப்பு ஹாரன் அடித்தது.

“இரு ஆத்தா, இப்ப வரும்” என்றாள் செல்வி.

“நானும் பாத்துக்கிட்டுத்தானடி நிக்கிறேன். ஜீப்புல பத்துப் பேரு உக்காந்திருக்காக.” பேச்சியம்மாள் குரலில் கோபம் இல்லை, எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது. மறுபடி ஹாரன். “டீச்சரம்மா, தப்பா நினைக்காதீக. மலையில கைய வச்சா அன்னிக்கே கூலி. இது எப்ப வரும்னு உங்களுக்கே தெரியல. நீயும் ஏறுடி, வெரசா வா.”

பள்ளிச் சீருடையோடு செல்வி ஜீப்பின் பின்பக்கம் ஏறியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். மலையடிவாரத்து முந்தல் பக்கம் ஜீப்பு திரும்பிப் போன பிறகு உள்ளே வந்தால், மார்த்தாள் டீச்சர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அமிலத்தின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. காய் எடுக்கிறவர்களின் விரலில் ஏறும் கறுப்புக் கறை சோப்புக்குப் போகாது. தேங்காயெண்ணெய் தேய்த்துத்தான் எடுப்பார்கள். அம்மா பார்க்கப் போகிறாள் என்று செல்வி அன்று காலை வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்த்திருக்கிறாள். கையிலிருந்த எண்ணெய் துண்டுகளின் மேல் படிந்து அமிலத்தை அண்டவிடாமல் செய்துவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஓரத்தில் குமிழி கிளம்பியது. பிறகு நுரைநுரையாகப் பொங்கியது. டீச்சர் தீக்குச்சி கேட்கவில்லை, நானும் கிழிக்கவில்லை.

செல்வி அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவேயில்லை. நான் இப்போது இதே ஊரில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான் வேலை பார்க்கும் பள்ளியில் லேப் பூட்டியே கிடக்கிறது; திரையில் வீடியோ ஓடுகிறது. அதில் துத்தநாகம் ஒருபோதும் தாமதிப்பதில்லை. பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். குறை சொல்ல எனக்கும் தெம்பில்லை, அமிலம் வாங்க எழுதிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

செல்வி கல்யாணமாகிக் கேரளாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்வோம். அந்தக் காலையைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை. போன வாரம் மருந்துக்கடைப் பையோடு நின்றவள், திடீரென்று கேட்டாள்.

“நீ இப்ப டீச்சருல்ல, சொல்லு. அன்னிக்கு நாங்க போனப்புறம் அது பொங்குச்சாடி?”

பஸ்சு கிளம்பும் நேரம். பையில் இருப்பது யாருக்கான மருந்து என்று கேட்டேன். ஆத்தாவுக்கு, இப்போது தன்னோடுதான் இருக்கிறாள் என்றாள்.

“இல்லடி. சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்து பாத்தோம். பொங்கவே இல்ல” என்றேன்.

செல்வி மருந்துப் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். “பாவம், இத்தன வருசமா ஆத்தாவத்தான் மனசுக்குள்ள வைஞ்சுக்கிட்டே இருந்தேன்” என்று சொல்லிவிட்டு பஸ்சில் ஏறினாள்.