நின்றபடி கொடுத்த சம்மதம்

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருடம், எங்கள் தெருவில் இனி வீடுகள் மட்டும்தான் இருக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. தீப்பிடிக்கக்கூடிய சரக்கு வைத்திருக்கும் கடைகளெல்லாம் கோவில்பத்துக்கு அப்பால் போக வேண்டும். என் வீட்டுக் கொல்லையில் இருந்த விறகுக் கடையும் அதில் சேர்ந்தது. அடுப்பு மூட்டும் நேரத்தில் தெருப் பெண்கள் வந்து ஒரு கட்டு வாங்கிப் போவார்கள். ஊருக்கு வெளியே போனால் யார் வருவார்கள்? எங்களுக்கு வேறு வருமானமும் இல்லை.

ஆட்சேபணை கேட்க, மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வராது.

"நீங்க ஒண்ணும் பேச வேணாங்க. சும்மா ஒக்காந்திருந்தாலே போதும்" என்றார் பக்கத்து வீட்டுத் தையற்காரர்.

உண்மைதான். அங்கே பழைய சபை வழக்கம் இன்னும் இருந்தது. சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், மறுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்காகத் தெருவே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருந்தது.

அதிகாரி வரைபடத்தைக் காட்டி வெகுநேரம் பேசினார். புழுக்கத்தில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். கடைசியில், "சம்மதிக்கிறவங்க எந்திரிங்க" என்றார். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவின் மூத்த மரைக்காயர் வாசலில் வந்து நின்றார். எந்த வீட்டுச் சாவும் கல்யாணமும் அவர் இல்லாமல் நடக்காது. அவரைக் கண்டதும் மண்டபமே எழுந்தது. நானும்தான்.

குமாஸ்தா எழுதத் தொடங்கினார்.

"ஐயா, நாங்க அவுங்களுக்காவ எந்திரிச்சோம்!" என்று கத்தினார் தையற்காரர்.

"சரி. மறுக்கிறவங்க உட்காருங்க" என்றார் அதிகாரி.

யாரும் உட்காரவில்லை. மரைக்காயருக்கு நாற்காலி எடுத்துவர ஆள் போயிருந்தது. அவர் நிற்கும்போது எப்படி உட்காருவது?

"ஏன்ப்பா எல்லாரும் நிக்கிறீங்க? ஒக்காருங்க" என்றார் அவர்.

"நீங்க மொதல்ல ஒக்காருங்க மரைக்கார்."

"எதுல, ஒங்க தலையிலயா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரி மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும்; குமாஸ்தாவிடம் தலையசைத்தார். பேனா மறுபடி நகர்ந்தது.

நான் உட்கார்ந்தேன். காது இரண்டும் எரிந்தன.

தையற்காரர் குனிந்து, "என்னங்க இது, பெரியவுங்க நிக்கையில?" என்றார்.

நாற்காலி வந்து, மரைக்காயர் உட்கார்ந்து, எல்லாரும் உட்கார்ந்தபோது அதிகாரி வரைபடத்தைச் சுருட்டிவிட்டார். ஒரே ஒரு ஆட்சேபணை என்று பதிவானது.

மழைக்கு முன்பே கடையை மாற்றினேன். நினைத்தபடியே அவ்வளவு தூரம் யாரும் வரவில்லை. இப்போது விறகைக் கைவண்டியில் ஏற்றி, தினமும் அதே தெருவுக்கு நானே தள்ளி வருகிறேன். வண்டியில் விற்கத் தடை இல்லையாம். முதல் கட்டு தையற்காரர் வீட்டில்தான் இறங்கும்.

"வெலய ஏத்திட்டீங்களே" என்பார்.

கோவில்பத்திலிருந்து ஒரு நாள் தள்ளிப் பாருங்கள் என்று சொல்ல நினைப்பேன். மூச்சு வாங்கும். கட்டை இறக்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைத் தள்ளுவேன்.