முகத்துவாரத்தில் பிணமாகக் கிடந்தேன்

எங்கள் மீனவக் குப்பத்தில் நுண்கலை படித்தவன் நான் ஒருவன்தான். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஊரில் நடக்கும் அநியாயத்தை என் உடம்பை வைத்துக் காட்டுகிறேன் என்பேன். "கூத்தா?" என்பார்கள். ஆமாம் என்று விட்டுவிடுவேன்.

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து செத்துக்கொண்டிருக்கும் ஆற்றுக்காக ஒருநாள் காலை எண்ணூர் முகத்துவாரத்தில் பிணமாகப் படுத்தேன். கரை ஒதுங்கும் உடலை எங்கள் ஆட்கள் மூடுகிற மாதிரியே வேட்டியைப் போர்த்தி, அது பறக்காமலிருக்க மேலே பழைய வலையைப் போட்டு, பாதங்களை மட்டும் வெளியே விட்டிருந்தேன். முகத்தை மீன்கள் விட்டுவைக்காது. வீட்டு ஆட்கள் பாதத்தைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்வார்கள். பக்கத்தில் 'இது ஆறு' என்று ஓர் அட்டை. நகரத்திலிருந்து வந்தவர்கள் சுற்றி நின்று படமெடுத்தார்கள்.

மற்ற பெண்களோடு அந்த வழியாக மீன் விற்கப் போன ஓர் அக்காவுக்கு அட்டை கண்ணில் படவேயில்லை. பக்கத்துக் குப்பத்துக்காரர். புருஷன் கடலுக்குப் போன பைபர் படகு மட்டும் திரும்பி வந்திருந்தது. உடல் கிடைக்காததால் காரியம் செய்ய மாமியார் விடவில்லை. அக்கா கண் கலங்கினாலே, "இன்னாத்துக்கு அழுவுற, வந்துருவான்" என்று அதட்டல். தாலி கழுத்திலேயே கிடந்தது.

மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் பாதத்தைப் பிடித்தார். விரல்களைத் தடவிய கை சட்டென்று நின்றது. வேட்டியை விலக்கினார். "அக்கா, நான்தான்கா" என்று எழப் போனேன். அடிப்பார் என்று பயந்தேன்.

"எழுந்துக்காத நைனா," என்றார். "ஒரே ஒரு வாட்டி படு. நான் அழுதுக்கறேன்."

படுத்தேன். அவரே வேட்டியை இழுத்து என் முகத்தை மூடினார்.

"சண்ட போட்டுகினு சோறு துன்னாம பூட்டியே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். கூட வந்த பெண்களும் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நகரத்து ஆள் ஒருவர் கைதட்டினார். எனக்கு வந்த கோபத்துக்குப் பிணம் எழுந்து அறைந்திருக்கும். ஆனால் உடம்பு அசையவில்லை. காலையில் இட்லி தின்றுவிட்டு வந்திருந்த எனக்கு வயிறு பசியில் காந்தியது. அதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

அழுது முடித்ததும் குனிந்து சொன்னார்: "நாங்க போன அப்பால எழுந்துக்கோ. நீ எழுந்து வர்றத நான் பாக்கக் கூடாது."

வெயில் ஏறும்வரை கிடந்தேன். அந்த வாரமே காரியம் நடந்தது. மாமியாரும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னைத் தூரத்தில் கண்டாலே அக்கா வேறு சந்துக்குள் புகுந்துவிடுவார். நானும் அப்படித்தான். போன வாரம் காசிமேட்டில், மீன் ஏலக் கூட்டத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். ஒதுங்க இடமில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைத்தான் பார்த்தார்.

"சோறு துன்ட்டியா?" என்று கேட்டார்.

"துன்ட்டேன்" என்றேன். அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.