ஆடி மழையில் உலர்த்திய கல்யாணப் பாட்டுகள்

அப்போது எங்கள் அச்சகம் கொச்சியில் மட்டாஞ்சேரிக் காயலோரத்தில், வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. மாடியில் குடித்தனம். காலால் மிதிக்கும் டிரெடில் இயந்திரத்தின் ஓசை பலகைத் தரை வழியாக மேலே வரும். அந்தத் தாளத்தில்தான் என் பெண் குழந்தை தூங்கப் பழகியிருந்தாள். ஓசை நின்றால் விழித்துக்கொள்வாள். இன்றும் ஏதாவது இயந்திரம் சீராக ஓடும் இடத்தில் நின்றால் என் கை தானாகத் தொட்டிலைத் தேடுகிறது.

அந்த ஆடியில் வந்த வேலை வழக்கமான நோட்டீசோ ரசீதுப் புத்தகமோ அல்ல. மிளகும் ஏலமும் மொத்த வியாபாரம் செய்த பாலக்காட்டுத் தமிழர் ஒருவர், ஆவணியில் நடக்கவிருந்த தம் பெண்ணின் கல்யாணத்தில் நெருங்கிய உறவினருக்கு மட்டும் கொடுக்க ஒரு பாட்டுப் புத்தகம் கேட்டார். அவர் வீட்டுப் பெண்கள் பாடிவந்த நலங்கு, ஊஞ்சல் பாட்டுகள். கையால் செய்த பருத்திக் காகிதத்தை அவரே வரவழைத்துத் தந்திருந்தார். எங்களிடம் தமிழ் எழுத்துகள் குறைவு. ஒரு பக்கம் அச்சானதும் அதன் எழுத்துகளைக் கலைத்தால்தான் அடுத்ததைக் கோக்க முடியும். தாள் கெட்டுப்போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். அதற்குக் காகிதமும் மிச்சமில்லை.

கீழே சுவரெல்லாம் வியர்த்தது. மை உலரவில்லை. மாடியில் குழந்தையின் அறை ஒன்றுதான் காய்ந்திருந்தது. என் கணவர் அங்கே கொடி கட்டித் தாள்களைத் தொங்கவிட்டார். அந்த அறையில் புகை மட்டும் கூடாது என்றார்.

குழந்தையின் துணி உலர்த்தும் கும்முட்டிக் கரியடுப்பைச் சமையலறைக்கு மாற்றினேன். அங்கே எதுவும் சரியாகக் காயவில்லை. குழந்தைக்குச் சளி கட்டி, மூச்சு விடும்போது நெஞ்சில் பூனை உறுமுவதுபோல் கேட்டது. அடுப்பைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று அவரைக் கேட்கப் படி பாதி இறங்கித் திரும்பினேன். வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காமல் செய்து தாள் வீணானால்? கடைசியில், குழந்தையைக் குளிப்பாட்டியதும் அடுப்பை அந்த அறைக்கே கொண்டுபோனேன். அதன்மேல் கூடையைக் கவிழ்த்துத் துணிகளைப் பரப்பி, சாம்பிராணி போட்டுக் குழந்தையின் தலைக்கும் காட்டினேன்.

மேலே வந்தவர் கோபிக்கவில்லை. ஒரு தாளை ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார். மை நன்றாக உலர்ந்திருந்தது, கறையும் இல்லை. பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"அந்த வியாபாரி மூட்டையைப் பிரிக்காமலே ஏலம் எந்த மலைன்னு சொல்றவராக்கும்" என்றார்.

அச்சுக் கோக்கும் மலையாளத்துச் சேட்டன், கோயில் அம்பலத்தில் வைத்து அச்சடித்தது என்று சொல்லிவிடலாம் என்றார். யாரும் சிரிக்கவில்லை. புத்தகங்களை நூலால் தைத்துக் காற்றாடத் திறந்து வைத்தோம். சாம்பிராணி வாசனை போகவில்லை.

வியாபாரி மனைவியுடன் வந்தார். நான் குழந்தையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் புத்தகத்தைப் பிரித்து, மோந்து, மனைவியிடம் நீட்டினார்.

"ஏன்னா, கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள பிள்ளை பெத்த ஆத்து வாசனை வந்துடுத்தே" என்றாள் அந்த அம்மாள்.

குறையா, கேலியா? எனக்குப் புரியவில்லை. என் கணவர் மழையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் குழந்தை இருமிவிட்டாள். அந்த அம்மாள் என்னை அழைத்து, குழந்தையின் தலையில் மூக்கை வைத்துப் பார்த்தாள். இதே வாசனைதான் என்று தன் கணவருக்குக் காட்டினாள். அவரும் குனிந்து, கடையில் ஏலம் பார்ப்பவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்ல சரக்கு" என்றார்.

என் பொண்ணுக்கும் சீக்கிரம் இந்த வாசனை வரட்டும் என்று சொல்லி, அந்த அம்மாள் புத்தகக் கட்டைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் எனக்கு வேறு கவலை வந்தது. சளி பிடித்த குழந்தையை இத்தனை பேர் பார்த்துவிட்டார்களே, கண் பட்டிருக்குமோ? உப்பும் மிளகாயும் சுற்றிக் கும்முட்டியில் போட்டேன். நெடி தாளாமல் என் கணவர் இருமிக்கொண்டே கீழே இறங்கினார். நெடி வந்தால் கண் ஏதும் படவில்லை என்று அர்த்தம்; அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.