ஏழாம் நம்பர் மலையில் கேட்காத சத்தம்

நனைந்த கம்பளி அடுப்போரத்தில் காயும் வாடை. ஆட்டு மயிரும் புகையும் கொழுந்துக் கறையும் சேர்ந்த வாடை. இத்தனை வயதுக்குப் பிறகும் அது எங்கிருந்து வந்தாலும் என் கண் ஒரு கையைத் தேடுகிறது. அக்காவின் வலது கை. மணிக்கட்டுக்கு மேலே பிறை போல ஒரு பல்தடம். அவளுடைய பல்லே பதித்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள். ஒன்றில் இருமினால் அடுத்ததில் தூக்கம் கெடும். அந்தச் சுவர்களுக்குள், எனக்கு மூத்தவனும் அக்காவுக்கு இளையவனுமான அண்ணன் மட்டும் தொண்டை கிழியக் கத்தலாம். சோற்றில் உப்பில்லை என்று தட்டை வாசலுக்கு வீசலாம். அப்பா செத்த பிறகு வீட்டுக்கு அவன்தானே ஆம்பிளை. நானும் அக்காவும் வாய்விட்டுச் சிரித்தால் அம்மாவின் கை வந்து பொத்தும். “பொம்பளப் புள்ள தொண்ட வெளிய கேக்கலாமாடி?”

மீசை அரும்பாத வயதில் அண்ணன், மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் முந்தானையை இழுத்துவிட்டு ஓடினான். குடத்தோடு நின்ற பெண்களெல்லாம் குலுங்கிச் சிரித்தார்கள். “இப்பவே இப்பிடியா! இவன் கங்காணியாத்தான் வருவான், பாருங்க!” நானும் சிரித்தேன். அடி விழுந்தது அக்காவுக்கு. நாலு பேர் கேட்கும்படி தம்பியை ஏசினாளாம்.

கங்காணிக்கு நாற்பது தாண்டியிருக்கும். மனைவியை இழந்தவர். காலையில் கொழுந்தெடுக்க யாருக்கு எந்தத் தேயிலை நிரை என்று பிரித்துவிடுவது அவர்தான். மலை வளைந்து மறையும் இடத்தில் இருக்கிற கடைசி நிரை, அவர் கண் யார்மேல் விழுந்ததோ அவளுக்குப் போகும். தோட்டத்துக்கே தெரியும். “அவரப் பாத்துப் பல்லக் காட்டாத” என்று தாய்மார் மகள்களுக்குச் சொன்னார்கள். அவரிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை.

அக்காவுக்கு அப்போது இருபது வயது, எனக்குப் பதினொன்று. மழையும் பனியுமாக இருந்த ஒரு பகல். போத்தலில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். கடைசி நிரையிலிருந்து கங்காணி ஏறி வந்தார். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டே, “என்னா பாப்பா, தேத்தண்ணியா? ஆறிப்போகும், ஓடு ஓடு” என்றார். நான் ஓடினேன். கூடை கவிழ்ந்து கொழுந்தெல்லாம் சேற்றில் கிடந்தது. அக்கா கம்பளியை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ரத்தம்.

“கத்த வரல புள்ள. கையக் கடிச்சுக்கிட்டேன்.”

மூன்று நிரை தள்ளிப் பெண்கள் கதை பேசிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா மூடி மறைக்கச் சொன்னாள். அக்கா கேட்கவில்லை, தானே தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டுக்கு நடந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். அவன் செய்தது தப்பு என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம் கூடியது. போகும் முன் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். சீப்பு இழுத்த இழுப்பில் கண்ணில் நீர் வந்தது. “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மேல ஒரு வார்த்த வந்திச்சு, வாயில சூடு வச்சிருவேன்.”

கங்காணி சிரித்த முகமாகவே பேசினார். “விருப்பமில்லாதவ கத்தியிருப்பாளே, தலைவரே. பக்கத்துலதான அத்தன பொம்பளைங்க நின்னாங்க?”

தலைவர் என்னைக் கூப்பிட்டார். “மலைக்குப் போனப்ப அக்கா கத்துற சத்தம் கேட்டிச்சாம்மா?”

“இல்லீங்க.”

பொய்யில்லை. கேட்கவில்லை. என்ன பார்த்தாய் என்று அவர் கேட்பார் என்று நின்றேன். கோட்டு, கூடை, ரத்தம் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. “போய் ஒக்காரு” என்றார். உட்கார்ந்தேன்.

அக்கா கையைத் தூக்கிக் காட்டினாள். “தன் கையத் தானே கடிச்சதுக்கு அவரு என்னா செய்வாரு?” என்றது ஒரு குரல். பின்னால் இருந்த பெண்களிடமிருந்து சிரிப்பு வந்தது. பீலியடியில் கேட்ட அதே சிரிப்பு. அண்ணன் எழுந்து நின்றான். “அவருக்கே கட்டி வச்சிருங்க. மானமாச்சும் மிஞ்சட்டும்.”

அப்படியே முடிவானது. கங்காணியோ முதலாளி வீட்டு மாப்பிள்ளை மாதிரி வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

தாலி கட்டிய கையோடு, வலப்பனைப் பக்கம் அவருடைய அண்ணன் இருந்த தோட்டத்துக்குப் புறப்பட்டார்கள். றொசல்ல ஸ்டேஷன்வரை நானும் அம்மாவும் போனோம். அவர் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம் குனிந்தாள். காயம் பொருக்குத் தட்டியிருந்தது. அதன் மேல் புது வளையல்கள்.

“நான் கத்தியிருந்தா நீ ஓடி வந்திருப்பியா புள்ள?”

ரயில் அசைந்தது.

“வந்திருப்பேன்க்கா! ஓடி வந்திருப்பேன்!” கூடவே ஓடிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“மெதுவா புள்ள. ஆளுங்க பாக்குறாங்க.”