யாரோ கவனிக்கிறார்கள்

உளவியல் படித்துவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் வீட்டோடு இருந்த சமயம், என் பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். தமிழில் பெயர்த்த ஆளுமைச் சோதனை ஒன்றை இலங்கை அகதிப் பெண்களிடம் வாசித்துப் பதில் வாங்க வேண்டும். தமிழ்ப் பெண்களிடம் தமிழில் கேட்கப்போகிறோம், இதில் என்ன சிக்கல் என்று நினைத்துத் திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து முகாமுக்குப் போனேன்.

முதல் வீட்டில் மன்னாரிலிருந்து படகில் வந்த ஓர் அம்மா. கூடவே அவர் மகள். முகாமிலேயே பிறந்தவள், டவுனில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

“எனக்குக் கூச்சம் அதிகம். ஆமாவா, இல்லையாம்மா?”

“ஓம். இடுப்பிலை தொட்டால் துள்ளுவன்.”

மகள் சிரித்துவிட்டாள். “அது இல்லம்மா. ஆளுங்க முன்னாடி பேச வெக்கப்படுவியானு கேக்குறாங்க.”

“யாரோ என்னைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்” என்று அடுத்ததை வாசித்தேன். அம்மா உடனே “ஓம்” என்றார். சோதனையின் கணக்கில் அது சந்தேக மனப்பான்மை. ஆனால் அவர் சொன்ன நிதானம் என்னை நிறுத்தியது.

“யாரும்மா?”

“ஆபீசர்மார். வந்து ஆளெண்ணுவினம். வெளியூர் போறதெண்டால் சொல்லிப்போட்டுத்தான் போகோணும்.”

“அது அட்டெண்டன்ஸ்மா. காலேஜ்லயும்தான் எடுத்தாங்க” என்றாள் மகள். “எனக்கு இல்லனு போடுங்கக்கா.”

“நீ பிறந்ததிலை இருந்து எண்ணுகினம். அதுதான் உனக்குத் தெரியேல்லை.”

மகள் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு, “காலேஜுக்குப் போகலன்னா யாரும் வீட்டுக்கு வந்து கேக்க மாட்டாங்கதான்” என்றாள். “ஆனாலும் இல்லனே போடுங்க.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “உமக்கு எப்பிடி, பிள்ளை?”

“எங்க தெருவுல நான் எந்த பஸ்ல வந்து எறங்கினேன்னு எல்லாருக்கும் தெரியும்மா.”

“அப்ப நீரும் ஓம் எண்டு போடும்.”

அடுத்த வீட்டில் தனியாக இருந்த ஒரு மூதாட்டி அதே கேள்விக்கு “இல்லை” என்றார். கோளாறில்லாத பதில் என்று குறிக்கப் போனேன். “ஆர் எங்களைக் கவனிக்கினம்? மகன் கனடாவிலை. காய்ச்சல் எண்டாலும் நான்தான் எழும்பிக் கஞ்சி வைக்கோணும்” என்று தொடர்ந்தார். மொழிபெயர்த்தவருக்கும் எனக்கும் அந்தச் சொல்லின் இந்த அர்த்தம் தோன்றவே இல்லை. அன்றைக்குக் கேள்விகளை அதோடு நிறுத்திவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “மார்க் போடறத இப்போதைக்கு விடு. ஏன் அப்படிச் சொல்றாங்கனு மட்டும் கேட்டுட்டு வா” என்றார்.

அதன் பிறகு ஒரு வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆனது. சோதனை எதை அளந்தது என்பது எனக்கு இன்னமும் சரியாகப் புரியவில்லை. மறுநாள் போக வேண்டும் என்ற ஆவல் மட்டும் ஒரு நாளும் குறையவில்லை.